ஒரு நாள் செலக்‌ஷனில் தெரியாதது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்துப் போட்டி முடிந்த மறுநாள் நாளிதழ்களில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது. இந்தப் பள்ளி வென்றது, இன்ன மாணவர் 26 புள்ளி எடுத்தார், அவ்வளவுதான். அந்தத் துண்டை வெட்டி லேமினேட் செய்து பெற்றோர் மாவட்ட அணி செலக்‌ஷனுக்கு எடுத்து வருகிறார்கள். தேர்வாளர்களும் பையனின் உயரத்தையும் அந்தப் புள்ளியையும் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்ற முறையில் எங்களுக்கு இது கவலையாக இருக்கிறது. 14, 15 வயதுப் பிள்ளையிடம் பார்க்க வேண்டியது, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் நடுவில் அந்தப் பிள்ளை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை. அதைக் குறித்து வைக்கும் பழக்கம் நம் பள்ளிகளில் அநேகமாக இல்லை. குறித்து வைக்காததால், ஒரே காலைப்பொழுதில் தலைக்குப் பத்து நிமிடம் ஆடவிட்டு ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முடிவு செய்கிறோம்.

முதலில் அந்த 26 புள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஓர் உதாரணம் சொல்கிறோம். ஒரு மாணவன் 28 ஷாட் அடித்து 11 போடுகிறான். எதிராளியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ 8-க்கு 4. ஏழு முறை பந்தைப் பறிகொடுக்கிறான். அதே அணியில் இன்னொருவன் எடுப்பது 13 புள்ளிதான். ஆனால் 8 ஷாட்டில் 5 விழுகிறது, அதில் ஒன்று மூன்று புள்ளி ஷாட். ஃப்ரீ த்ரோ 2-க்கு 2, பந்தை விட்டது ஒரே முறை. அடித்த ஷாட், ஃப்ரீ த்ரோவில் பாதி, பறிகொடுத்த பந்து, இந்த மூன்றையும் கூட்டினால் அணியின் வாய்ப்பை அவன் எத்தனை முறை செலவழித்தான் என்று தெரிந்துவிடும். முதல் பையனுக்கு 28, 4, 7 ஆக 39. ஒரு வாய்ப்புக்கு 0.67 புள்ளி வருகிறது. இரண்டாமவனுக்கு 8, 1, 1 ஆக 10, ஒரு வாய்ப்புக்கு 1.3. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு ஃபவுலுக்குப் பெரும்பாலும் இரண்டு த்ரோ கிடைப்பதால்தான் ஃப்ரீ த்ரோவைப் பாதியாக எடுக்கிறோம். கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை த்ரோவையும் கணக்கில் சேர்ப்பவர்கள் 0.44-ஆல் பெருக்குவார்கள். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து போடும் கணக்குக்குப் பாதியே போதும்.

இதை வைத்து முதல் பையனை ஒதுக்கிவிடவும் கூடாது. அவனை ஓயாமல் இரண்டு பேர் மறித்திருக்கலாம். கூட ஆடுகிறவர்களுக்குப் பாஸைப் பிடிக்கவே தெரியாமல் எல்லாப் பந்தும் அவன் கைக்கே திரும்பி வந்திருக்கலாம். அடுத்த வருடம் அந்த 0.67 எங்கே நிற்கிறது, பந்தைப் பறிகொடுத்த ஏழு டர்ன்ஓவர் நான்காகக் குறைந்ததா என்று பார்த்தால்தான் அவன் வளர்கிறானா என்று சொல்ல முடியும். பழைய தாள் கையில் இல்லாமல் அதை எப்படிப் பார்ப்பது?

மூன்று புள்ளி ஷாட்டை வைத்து முடிவு செய்வது இன்னும் ஆபத்து. பள்ளி சீசன் முழுவதும் சேர்த்தாலே ஒரு மாணவன் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து 30, 40 முறைதான் அடித்திருப்பான். 40-க்கு 14 விழுந்தவன் ஷூட்டர், 10 விழுந்தவன் ஷூட்டர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அந்த நான்கு பந்து வித்தியாசம் காற்றாலேயே வரும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்திலுள்ள திறந்தவெளி கோர்ட்டுகளில் மாலை 4 மணிக்கு மேல் கடல்காற்று பந்தைத் தள்ளுவதை நின்று பார்த்தாலே தெரியும். காற்றை எதிர்த்து அடிப்பவன் பந்தைத் தாழ்வாக, நேராக விடப் பழகிவிடுகிறான். அந்தத் தட்டை ஷாட்டோடு பெரியமேடு நேரு உள்விளையாட்டரங்குக்குப் போனால் பந்து ரிங்கின் முன்விளிம்பில் அடித்துத் திரும்புகிறது. எனவே ஷாட்டைக் காலையில் பாருங்கள். அதைவிட ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள். போர்டிலிருந்து 4.60 மீட்டர், மறிக்க ஆளில்லை, தூரம் மாறுவதில்லை. பையனின் கை எப்படி என்பதை அது காட்டிக்கொடுக்கும். பிற்காலத்தில் வெளியிலிருந்து நன்றாக அடிக்கப்போவது யார் என்று ஊகிக்க, மூன்று புள்ளி ஷாட்டின் சொற்ப எண்ணிக்கையை விட ஃப்ரீ த்ரோ சதவீதம் கூடுதலாகக் கைகொடுக்கும். வாரத்துக்கு 100 த்ரோ, ஓட்டப்பயிற்சி முடிந்து மூச்சு வாங்கும்போது பத்துப் பத்தாக அடிக்க வைத்து எழுதுங்கள். ஜூனில் 52, டிசம்பரில் 61, அடுத்த ஜூனில் 70 என்று ஏறினால் அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். உயரம் குறைவாக இருந்தாலும் சரி.

எந்த எண்ணை எழுதுவதற்கு முன்பும் ரிங்கின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். தரையிலிருந்து ரிங்கின் மேல்விளிம்பு 3.05 மீட்டர் இருக்க வேண்டும். பழைய கோர்ட்டின் மேல் இன்னொரு அடுக்கு சிமென்ட் போட்டால் தரை உயர்ந்து ரிங் 5, 6 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடுகிறது. உப்புக்காற்றில் போல்ட்டுகள் துருப்பிடித்து, பிள்ளைகள் தொங்கியும் ஆடியும் ரிங்கின் முன்பக்கம் சரிந்திருப்பதும் சகஜம். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு என மூன்று இடத்தில் அளந்தால் சரிவு தெரிந்துவிடும். பந்தையும் பாருங்கள். மாணவர்களுக்கு 7-ஆம் எண், மாணவிகளுக்கு 6-ஆம் எண். பல பள்ளிகளில் ஒரே 7-ஆம் எண் பந்தை இரண்டு அணிக்கும் கொடுத்துவிட்டு, பெண் பிள்ளைகளுக்குக் கைப்பிடி இல்லை என்று குறை சொல்கிறோம். சிமென்ட் தரையில் தேய்ந்து வழுவழுப்பான பந்தைக் கொடுத்து டர்ன்ஓவரை எண்ணுவதும் நியாயம் இல்லை.

அடுத்தது உடம்பு. இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு உயரம் மிக வேகமாக ஏறும் காலம் சராசரியாக 13 முதல் 14 வயது. ஒருவனுக்கு 12-லேயே வரும், இன்னொருவனுக்கு 16-ஐ நெருங்கும்போதுதான் வரும். முன்னதாக வளர்ந்தவன் 14 வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நிற்பான், விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்ட் எல்லாம் அவனுக்கே. மீசை அரும்பி, குரல் உடைந்து, 13 வயதில் 175 சென்டிமீட்டர் இருக்கும் பையன் 17 வயதில் 178-இல் நின்றுவிடுவது ஒன்றும் அபூர்வம் இல்லை. பெற்றோர் உயரத்தைக் கேட்டு எழுதுங்கள். அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையனானால் 13 சேர்த்து, பெண்ணானால் 13 கழித்து, இரண்டால் வகுத்தால் ஓர் உத்தேசம் வரும். அப்பா 170, அம்மா 157 என்றால் மகனுக்கு 170. இதற்கு மேலும் கீழும் எட்டரை சென்டிமீட்டர் வரை போகலாம் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவர்களும் இதை உத்தேசமாகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் இதைவிடத் தெளிவு கிடைக்கும். காலையில், ஷூ இல்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்க வைத்து அளக்க வேண்டும். மாலையில் முதுகெலும்பு அமுங்கி ஒரு சென்டிமீட்டர் வரை குறையும் என்பதால் நேரம் மாறக் கூடாது. பிறகு ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார வைத்துத் தலை வரை அளந்து ஸ்டூலின் உயரத்தைக் கழியுங்கள். அதுதான் உட்கார்ந்த உயரம். நின்ற உயரத்தில் இதைக் கழித்தால் காலின் நீளம். வளர்ச்சி வேகத்தில் முதலில் கால் நீளும், உடம்பு பின்னால் வரும். உட்கார்ந்த உயரம் அப்படியே இருக்க, கால் மட்டும் நீண்டுகொண்டிருந்தால் பெரிய வளர்ச்சி ஆரம்பிக்கிறது என்று பொருள். உட்கார்ந்த உயரமும் ஏறி முடித்துவிட்டால் இனிப் பெரிதாக ஏறாது. கையை விரித்துச் சுவரோடு நிற்க வைத்து விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளப்பதையும், நின்ற இடத்திலிருந்து ஒரு கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிங்குக்குக் கீழே தலை ஆடுவதில்லை, கைதான் ஆடுகிறது.

வருடத்துக்கு 8, 10 சென்டிமீட்டர் ஏறும் அந்தக் காலத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த பையனின் ஆட்டம் திடீரென்று கெடும். ஓடிவந்து கிட்டத்தில் போடும் லே-அப் போர்டின் தவறான இடத்தில் படும். ஃப்ரீ த்ரோ குட்டையாக விழும். ட்ரிப்ளிங்கில் பந்து முழங்காலில் இடிக்கும். நேற்று வரை பழகிய காலும் கையும் இன்று வேறு நீளத்தில் இருக்கின்றன, அதுதான் காரணம். இதைச் சோம்பல் என்றும் தலைக்கனம் என்றும் நினைத்து அணியிலிருந்து எடுத்துவிட்டால் அந்தப் பையன் திரும்பி வரமாட்டான். உயரக் குறிப்பு கையில் இருந்தால், இது வளர்ச்சிக் காலம், ஆறு மாதம் பொறுப்போம் என்று சொல்லத் தைரியம் வரும்.

இதே காலத்தில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதும், குதிகால் வலிப்பதும் வரும். வளரும் எலும்பின் முனையைத் தசைநாண் இழுப்பதால் வருவது அது. சிமென்ட் தரையில் தினம் நூறு ஜம்ப் என்று வைத்தால் கூடும். ஆட்டத்தை முழுவதும் நிறுத்தத் தேவையில்லாத நிலையில், குதிப்பதைப் பாதியாகக் குறைத்து, ஷூட்டிங்கும் பாஸிங்கும் மட்டும் செய்ய வைக்கலாம். வலி மறுநாள் காலையிலும் இருந்தால், நொண்டினால், ஸ்டான்லி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவுக்கு அனுப்புங்கள். நீவிவிடுவதும், எண்ணெய் போட்டு இழுத்துக் கட்டுவதும் வேண்டாம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வேகம் 11, 12 வயதிலேயே வந்துவிடுகிறது. ஏழாம் வகுப்பில் உயரமான மாணவியைப் பிடித்து ரிங்குக்குக் கீழே ஆடும் சென்டர் ஆக்கிவிட்டு, பத்தாம் வகுப்பில் அவள் வளரவில்லை என்று ஏமாற்றம் அடைவது நம் தவறு. 30 சென்டிமீட்டர் மேடையிலிருந்து குதிக்கச் சொல்லி முன்னாலிருந்து செல்போனில் படம் பிடியுங்கள். தரையில் படும்போது இரண்டு முழங்காலும் உள்பக்கமாக மடிகின்றனவா என்று பாருங்கள். மடிந்தால் முழங்கால் தசைநார் கிழியும் ஆபத்து அதிகம். அதைச் சரிசெய்யும் பயிற்சி முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். நான்காவது குவார்ட்டரில் ஓட முடியாமல் நிற்கும் மாணவிக்கு ஸ்டாமினா இல்லை என்று எழுதுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சில மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டால் அதே பிள்ளை கடைசி வரை ஓடும். ஆண் பிள்ளைகளின் சாப்பாட்டில் எங்களுக்குத் தோன்றும் ஒன்றும் உண்டு. சத்துணவு முட்டை பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தசை ஏற வேண்டிய பதினொன்றாம் வகுப்பில், காலைப் பயிற்சி முடிந்து வெறும் டீயோடு வகுப்புக்குப் போகிற பையன்கள் இருக்கிறார்கள். எடை மூன்று மாதமாக ஏறாமலிருந்தால் பயிற்சியைக் குறை சொல்லாமல் முதலில் சாப்பாட்டைக் கேளுங்கள்.

14 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் ஆளை மறிக்காமல் இடத்தைக் காக்கும் 2-3 ஸோன் (முன்னால் இருவர், ரிங் பக்கம் மூவர்) வைத்து, உயரமான பையனை ரிங்குக்குக் கீழே நிறுத்தினால் கோப்பை கிடைக்கும். அந்தப் பையனுக்கு என்ன கிடைக்கிறது? ஓடுகிற ஆளைக் காலை நகர்த்தி மறிக்கக் கற்கவில்லை, பந்தைக் கோர்ட்டின் மறுமுனைக்குக் கொண்டுபோகக் கற்கவில்லை. 18 வயதில் 183 சென்டிமீட்டரில் நிற்கும்போது, மாநில அளவில் சென்டருக்கு உயரம் போதாது, பந்தைக் கொண்டுபோகும் கார்டுக்குக் கைத்திறன் போதாது. தமிழ்நாட்டுப் பள்ளிக் கூடைப்பந்தில் அதிகமாக வீணாவது இந்தப் பிள்ளைகள்தான் என்பது எங்கள் திடமான கருத்து. பயிற்சி ஆட்டங்களிலாவது ஆளுக்கு ஆள் மறிக்கும் மேன்-டு-மேன் வையுங்கள். உயரமானவனைப் பந்து கொண்டுவரச் சொல்லுங்கள். இடம் இல்லாத பள்ளிகளில் பாதி கோர்ட்டில் மூன்றுக்கு மூன்று ஆடவிட்டால் ஒவ்வொருவர் கைக்கும் பந்து அதிகம் வரும், ஒளிந்துகொள்ள இடம் இருக்காது.

ஆட்டத்தைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. பந்தைப் பார்க்காதீர்கள். ஐந்து நிமிடம் அந்த ஒரு பிள்ளையை மட்டும் பாருங்கள். பாஸ் கைக்கு வருவதற்கு முன்பே முழங்கால் மடிந்திருக்கிறதா, கை நெஞ்சுக்கு நேரே விரிந்து தயாராக இருக்கிறதா? நன்றாக வளரும் பிள்ளை பந்து காற்றில் இருக்கும்போதே ஒருமுறை ரிங் பக்கம் பார்த்துவிடும். பிடித்த பிறகு நிமிர்ந்து, பந்தைக் கீழே ஒருமுறை தட்டி, அப்புறம் யோசிக்கிற பிள்ளைக்கு அந்த ஒரு விநாடியில் எதிராளி வந்துவிடுவான். டிஃபென்ஸில் பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது தன் ஆளுக்கு முதுகைக் காட்டி, அவனை மறந்துவிட்டு நிற்கிறதா, அல்லது பந்தும் ஆளும் இரண்டும் கண்ணில் படும்படி ஒரு கோணத்தில் நிற்கிறதா? பந்தைப் பறிகொடுத்த அடுத்த நான்கு விநாடியில் திரும்பி ஓடுகிறதா, நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறதா? எதிரணிக் கோச்சிடம் முன்கூட்டியே சொல்லி, இடது கைப் பக்கமே தள்ளச் சொல்லுங்கள். முதல் தடவை தடுமாறுவது இயல்பு. மூன்றாவது தடவை என்ன செய்கிறது என்பதை எழுதுங்கள். குறைந்தது மூன்று ஆட்டம் பார்க்க வேண்டும். சுலபமான அணியோடு ஒன்று, கஷ்டமான அணியோடு ஒன்று, அதே நாளில் ஆடும் இரண்டாவது ஆட்டம் ஒன்று. களைத்த காலில்தான் பழக்கம் தெரியும்.

செலக்‌ஷன் பட்டியல் தயாரானதும் பிறந்த மாதங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஜனவரி 1-ஐ வைத்து வயது கணக்கிடும் போட்டியில் ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். 12 பேரில் ஏழெட்டுப் பேர் முதல் மூன்று மாதத்தில் பிறந்தவர்களாக இருந்தால், நாம் திறமையைவிட வயதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அக்டோபர், நவம்பர், டிசம்பர்ப் பிள்ளைகளை இன்னொரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழைத் திருத்தி வயதைக் குறைப்பது இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது இன்னொரு பிள்ளையின் இடத்தைத் திருடுவது. மணிக்கட்டு எக்ஸ்ரே அதைப் பிடிக்க உதவும். ஆனால் முன்னதாகவே முதிர்ந்த நேர்மையான பையனின் எலும்பும் வயதைக் கூட்டிக் காட்டும் என்பதால், எக்ஸ்ரே ஒன்றை மட்டும் வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது.

உயரம் கதவைத் திறக்கும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. 7 அடி 2 அங்குலம் வளர்ந்த பஞ்சாபின் சத்னாம் சிங் 14 வயதில் அமெரிக்கப் பயிற்சி மையத்துக்குப் போய், 2015-இல் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் டல்லஸ் அணியால் 52-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். இருந்தும் என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. சென்னையில் வளர்ந்து இந்திய மகளிர் அணிக்குக் கேப்டனாகி 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரையும், 2022-இல் சென்னையிலேயே பஞ்சாபை வென்று சீனியர் நேஷனல் கோப்பையை எடுத்த தமிழ்நாட்டு ஆண்கள் அணியும் நம் பிள்ளைகள் பார்க்க வேண்டிய உதாரணங்கள். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த ஆட்டத்தின் பலன் கல்லூரி இடமும், ஐ.சி.எஃப்., ரயில்வே, வங்கி அணிகளில் கிடைக்கும் வேலையும்தான். பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் இருக்கிறது. ஒரு நாள் செலக்‌ஷனில் விடுபட்டால் மீனவர் வீட்டுப் பையனும் சுமை தூக்குபவரின் மகளும் இழப்பது இதைத்தான்.

எனவே மூன்று கோரிக்கைகள். வட்டார அளவிலான ஸோனல் போட்டிகளை நடத்துபவர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வழக்கமான ஸ்கோர் ஷீட்டோடு இன்னொரு தாள் வைக்க வேண்டும். ஷாட் அடித்தது, விழுந்தது, ரீபவுண்ட், அசிஸ்ட் (கூடை போட வழிசெய்த பாஸ்), பறிகொடுத்தது, பறித்தது, இவ்வளவுதான் அதில். அணிக்கு ஒரு பிளஸ் டூ மாணவரை உட்கார வைத்து இரண்டு பயிற்சி ஆட்டங்களில் பழக்கினால் எழுதிவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் தாளைப் படம் எடுத்து இரண்டு பள்ளி பி.டி. ஆசிரியர்களுக்கும் அனுப்பிவிடலாம். மாவட்ட அணியைத் தேர்வு செய்பவர்கள், செலக்‌ஷன் நாளன்று ஒவ்வொரு பள்ளியும் அந்தத் தாள்களையும் ஒரு வருட உயரக் குறிப்பையும் கொண்டுவரும்படி கேட்க வேண்டும். தங்கள் நாளிதழ், 26 புள்ளி என்று போடும் இடத்தில் 28-க்கு 11 என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். கூடுதலாக ஒரு வரிகூடப் பிடிக்காது.

இப்படிக்கு,
பள்ளிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.